மீனம்பாக்கம்: அன்றும் இன்றும்

சென்ற மாதம் ஒரு வழக்கின் பொருட்டு வெளியூர் சென்று திரும்புகையில், ஒரு விமான நிலையத்தின் வாயிலில் நாம் கண்ட காட்சி இன்னமும் மனத்தை விட்டு அகலவில்லை. எழுபது பிராயத்தைத் தாண்டிய ஓர் அம்மாள், கடல் கடந்து உத்தியோகத்துக்குப் போகும் தம் மகனை வழியனுப்ப வந்திருந்தார். மகன் டிக்கெட்டையும் அடையாளச் சீட்டையும் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டான். அவன் போன பிறகுதான் அம்மாளுக்கு நினைவு வந்தது: விபூதி இட மறந்து போயிற்று. மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வாயிலை நெருங்கினார். துப்பாக்கி ஏந்திய காவலர் மரியாதையாகவே கையை நீட்டித் தடுத்தார். "அம்மா, ரூல்" என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மகன். இந்தப் பக்கம் தாய். இடையே நான்கு முழ தூரம் இராது. இருவரும் செல்போனில் பேசிக்கொண்டார்கள்.

காவலர் மீது நமக்கு எவ்விதக் குறையும் இல்லை. அவர் தம் கடமையைச் செய்தார். அம்மாள் மீதும் குறை சொல்வதற்கில்லை. அவர் கேட்டது ஒரு நிமிஷ அவகாசம். இருவரும் நியாயஸ்தர்களாக இருந்தும் ஒரு தாயின் மனம் நொந்தது என்றால், அந்த நோவுக்குக் காரணம் என்ன, அது தவிர்க்க முடியாததுதானா என்று விசாரிப்பது நம் கடமையாகிறது. அந்த விசாரணைக்கு முன்பு, கண்ணாடிச் சுவர் எழும்பாத காலத்தை நம் நேயர்களுக்குச் சிறிது நினைவூட்ட விரும்புகிறோம்.

ஆகாயத் தபால் வந்த கதை

சென்னை வாசிகளுக்கு ஆகாய விமானம் புதிதல்ல. 1910-ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேயே, மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்தி வந்த டி ஏஞ்சலிஸ் என்னும் ஐரோப்பியர், சிம்ப்ஸன் கம்பெனியின் பட்டறையில் செய்வித்த ஒரு விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். மறு வருஷம் 1911 பிப்ரவரி 18-ந் தேதி, அலகாபாத்திலிருந்து ஆற்றுக்கு அக்கரையிலுள்ள நைனிக்கு ஆறாயிரத்துச் சொச்சம் கடிதங்களை ஒரு விமானம் கொண்டு சென்றது. விமானத்தில் அரசாங்க முறையில் தபால் சென்றது உலகிலேயே அதுதான் முதல் தடவை.

ஆனால் ஆகாயப் போக்குவரத்து நம் நாட்டில் நிலைத்த தொழிலாக வேரூன்றியது 1932 அக்டோபர் 15-ந் தேதிதான். அன்று காலை ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து ஒரு சிறு 'பஸ் மாத்' விமானத்தைத் தாமே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். ஒற்றை இயந்திரம், ஏற்றியிருந்த பாரம் ஐம்பத்தைந்து ராத்தல் தபால். வழியில் ஆமதாபாத்தில் இறங்கியபோது, பெட்ரோல் தகரங்களை மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பம்பாயில் ஜூஹு கடற்கரையை ஒட்டிய சேற்று நிலமே விமானத் தளம். மழைக்காலம் வந்தால் அந்தத் தளத்தைத் தண்ணீர் கொண்டுபோய்விடும். அப்போது விமானங்களைப் புனாவுக்கு மாற்றிக்கொள்வார்கள். பம்பாயில் இறங்கிய தபாலை நெவில் வின்ஸெண்ட் என்பவர் வாங்கிக்கொண்டு தெற்கே பறந்தார். இருட்டிவிட்டபடியால் பெல்லாரியில் இராத் தங்கி, மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார்.

ஆகாய மார்க்கத்தின் ஆரம்பத்துக்கு மாட்டு வண்டி துணை போயிற்று என்பதை எண்ணும்போது நமக்கு ஒரு பெருமிதம் உண்டாகிறது. நம் நாட்டில் புதிய காரியம் எதுவும் பழையதன் தோள் மீது ஏறித்தான் நடந்திருக்கிறது. அதே பிரயாணத்தை 1982-ல், பொன்விழாவை முன்னிட்டு, தமது எழுபத்தெட்டாவது வயதில் ஜே. ஆர். டி. டாடா மறுபடியும் ஒரு பழைய விமானத்தை ஓட்டி நடத்திக் காட்டினார்.

1938-ல் இந்தத் தபால் மார்க்கம் திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. இலங்கையின் சொந்த விமான ஸ்தாபனமான ஏர் சிலோன் 1947 டிசம்பர் 10-ந் தேதி தனது முதல் பிரயாணத்தைத் தொடங்கியபோது, இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி வழியாக அந்த டகோட்டா விமானம் வந்து இறங்கிய இடம் சென்னைதான். அந்த ஸ்தாபனத்தின் டகோட்டா ஒன்றுக்கு 'சீதாதேவி' என்று பெயர். இலங்கையிலிருந்து ஆகாய மார்க்கமாகத் திரும்பிய சீதையின் பெயரை அதற்குச் சூட்டியவர்கள் ரசிகர்கள்தாம். யாழ்ப்பாணத்தார் வைத்தியத்துக்கும், மார்கழிக் கச்சேரிகளுக்கும், கலியாணப் புடவைகளுக்கும் இந்த மார்க்கத்தில் சென்னைக்கு வந்து போனதை அந்த ஊர்ப் பெரியோர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம்.

இதே காலத்தில்தான், 1949 ஜனவரி 30-ந் தேதி, இரவு விமானத் தபால் ஏற்பாடு தொடங்கிற்று. ரபி அகமத் கித்வாய் செய்திப் போக்குவரத்து மந்திரியாக இருந்த காலம் அது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் நான்கு விமானங்கள் கிளம்பும். நான்கும் நடுநிசியில் நாகபுரியில் கூடும். தபால் மூட்டைகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் புறப்பட்ட ஊருக்கே திரும்பிவிடும். மயிலாப்பூரில் மாலையில் தபாலில் சேர்த்த கடிதம் மறுநாள் தில்லியில் கிடைத்தது என்றால் அதற்கு இந்த நாகபுரிச் சந்திப்பே காரணம். இதற்கெனத் தனிக் கட்டணமும் வசூலிக்கப்படவில்லை. சாதாரணத் தபால் கட்டணத்திலேயே உள்நாட்டுக் கடிதங்கள் ஆகாயத்தில் போயின. விமானம் ஏறி அறியாத ஏழையின் கடிதமும் விமானம் ஏறிற்று. சுதந்திரம் பெற்ற ஒரு நாடு தன் மக்களுக்குச் செய்யத் தக்க காரியம் இது என்று நாம் கருதுகிறோம்.

மரவேலிக்கு அப்பால்

இன்றைய நிலையம் திரிசூலத்தை நோக்கி நிற்கிறது. பழைய கட்டடம் அதற்கு வடகிழக்கே, மீனம்பாக்கத்துப் பக்கம் இருந்தது. கட்டடம் இடம் மாறிய பின்னும் ஊர் ஜனங்களின் நாவில் மீனம்பாக்கம் என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1931 முதல் ஓடிய மின்சார ரெயிலில் தாம்பரம் போகிறவர்கள் ஜன்னல் வழியாகவே விமானங்களைப் பார்க்கலாம். ஒரு பக்கம் பரங்கிமலை, மறு பக்கம் பல்லாவரத்துக் குன்றுகள், நடுவே திறந்த வெளி, கம்பத்தின் மேல் காற்றின் திசை காட்டும் துணிக் குழாய்: இவைதாம் அக்காலத்து அடையாளங்கள்.

நம் குடும்பத்தில் முதன்முதலாக விமானம் ஏறியவர் நம் பாட்டனாரின் தம்பி. 1955-ல் வைத்தியப் படிப்புக்காக லண்டன் சென்றார். கப்பலில் போவதே அந்நாள் வழக்கம். கல்லூரியில் சேர வேண்டிய தேதி நெருங்கிவிட்டபடியால் பம்பாய் வரை டகோட்டா விமானம், அங்கிருந்து வேறு விமானம் என்று ஏற்பாடாயிற்று. அவரை வழியனுப்பப் புறப்பட்டவர்கள் பத்தொன்பது பேர். ஒரு மோட்டாரில் ஏழு பேர் நெருக்கிக்கொண்டு போக, மற்றவர்கள் ரெயிலில் மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு தூக்குகளில் புளியோதரையும் தயிர்ச்சாதமும் போயின. இந்த விவரங்களையெல்லாம் நம் பாட்டனார் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. சொல்லும்போதெல்லாம் புதிதாகச் சொல்வது போலவே சொல்வார்.

நிலையம் என்று சொல்வதற்கு ஒரு கூடம், அதில் சில நாற்காலிகள், ஒரு காப்பிக் கடை, ஒரு தராசு. பெட்டியை நிறுத்த பின்பு பிரயாணியையும் தராசின் மேல் ஏறி நிற்கச் சொன்னார்கள். சிறிய விமானத்துக்குப் பாரக் கணக்கு முக்கியம் அல்லவா? பாட்டனாரின் தம்பி மெலிந்த தேகம். எடையைப் படித்த உத்தியோகஸ்தர், "சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாமே" என்றாராம். கூடியிருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். உத்தியோகஸ்தரும் பிரயாணியும் அவர் சுற்றத்தாரும் ஒரே இடத்தில் நின்று சிரிக்கக்கூடிய நிலையமாக அது இருந்தது.

கூடத்தைத் தாண்டினால் இடுப்பளவு மரவேலி. வேலிக்கு அப்பால், மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, வாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு டகோட்டா நின்றது. வேலி வரை யார் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் நம் கொள்ளுப்பாட்டியார் வேலியோடு நிற்கவில்லை. அதன் வாயிலில் நின்ற சேவகரிடம், "என் பிள்ளை போகிறான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நேரே நடந்து போனார். யாரும் தடுக்கவில்லை. படிக்கட்டின் அடியில் மகனுக்கு விபூதி இட்டார். பிறகு பக்கத்தில் நின்றிருந்த விமானியைப் பார்த்து, "அப்பா, குழந்தை முதல் தடவையாகப் போகிறான், மெள்ள ஓட்டு" என்றார். அந்த விமானிக்குத் தமிழ் தெரிந்திருந்தது. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆகட்டும், பாட்டி" என்று பதில் சொன்னார். இயந்திரங்கள் சுழலத் தொடங்கியதும் எழுந்த காற்றில் வேலியோரம் நின்ற ஸ்திரீகளின் புடவைத் தலைப்புகள் பறந்தன. விமானம் கண்ணுக்கு மறைந்த பிறகு எல்லோரும் மர நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினார்கள்.

பின்னர் மாடியில் பார்வையாளருக்கென்று இடம் ஒதுக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கடற்கரைக்குப் போவது போலக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு மீனம்பாக்கம் போகிறவர்கள் அநேகர் இருந்தனர். விமானம் ஏறும் வசதி தம் ஆயுளில் வரும் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும் அந்த மாடியில் நின்று விமானத்தைப் பார்த்த பிள்ளைகளில் சிலரேனும் பிற்காலத்தில் விமானிகளாகவும் யந்திர நிபுணர்களாகவும் ஆகியிருப்பார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை.

யாருக்குத் திறந்திருந்தது?

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால், பழையதெல்லாம் பொன் என்று நாம் கட்சி கட்டுவதாக நேயர்கள் எண்ணக்கூடும். நமது அபிப்பிராயம் அதுவன்று. எதிர்க்கட்சி வாதத்தையும் எடுத்துச் சொல்வது வக்கீல் தர்மம்.

மீனம்பாக்கத்தின் வாயில் திறந்திருந்ததற்கு முதற் காரணம், அங்கே வருகிறவர்கள் மிகச் சொற்பம் என்பதுதான். ஒரு டகோட்டாவில் ஏறக்குறைய இருபது பேரே உட்காரலாம். அந்த இருபது பேரும் யார்? மந்திரிகள், பெரிய வியாபாரிகள், சமஸ்தானாதிபதிகள், சினிமா நட்சத்திரங்கள், உயர்ந்த உத்தியோகஸ்தர்கள். பாட்டனாரின் தம்பியை அனுப்புவதற்கு நம் குடும்பத்தார் நஞ்சை நிலத்தில் ஒரு பகுதியை விற்றார்கள். மரவேலி இடுப்பளவுதான் இருந்தது. ஆனால் டிக்கெட்டின் விலை என்னும் வேலி வானளாவி நின்றது. அதைத் தாண்ட முடியாத கோடிக்கணக்கான ஜனங்களுக்குக் காவலர் எதற்கு?

1953-ல் பார்லிமெண்ட் சட்டம் இயற்றி, எட்டு உள்நாட்டு விமானக் கம்பெனிகளை ஒன்றாக்கி, அவ்வாண்டு ஆகஸ்டு முதல் தேதி இந்தியன் ஏர்லைன்ஸ் ஸ்தாபனத்தை உண்டாக்கியது. அப்போதும் விமானம் பெரியோர்களுடைய வாகனமாகவே இருந்தது. இன்று நிலைமை வேறு. 2023-24-ஆம் ஆண்டில் சென்னை நிலையத்தின் வழியாகப் போய் வந்தவர்கள் இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள். வளைகுடா நாடுகளுக்குக் கொத்து வேலைக்குப் போகிறவரும், சிங்கப்பூரில் பேரனைப் பார்க்கப் போகும் கிராமத்துப் பாட்டியும் இன்று விமானம் ஏறுகிறார்கள். இதைக் காட்டிலும் சந்தோஷமான மாறுதல் வேறு என்ன இருக்க முடியும்? கூட்டம் பெருகினால் ஒழுங்கு வேண்டும். ஒழுங்கு வந்தால் வரிசை வேண்டும். இதை மறுக்க நமக்கு மனமில்லை.

கதவு அடைபட்ட விதம்

கூட்டம் மட்டும் கதவை அடைக்கவில்லை. குரோதமும் சேர்ந்து அடைத்தது. 1971 ஜனவரி 30-ந் தேதி, ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட 'கங்கா' என்ற விமானத்தை இருவர் மிரட்டி லாகூருக்குக் கடத்திச் சென்றார்கள். பிரயாணிகள் உயிர் தப்பினர். விமானம் சில நாட்களில் தீக்கிரையாயிற்று. உலகெங்கும் இத்தகைய சம்பவங்கள் மலிந்திருந்த காலம் அது. அமெரிக்காவில் 1973 ஜனவரி முதல் பிரயாணிகள் ஒவ்வொருவரையும் சோதித்தே ஏற்றலாயினர். 1976 செப்டம்பரில் தில்லியிலிருந்து கிளம்பிய ஒரு விமானமும் லாகூருக்குக் கடத்தப்பட்டது. அதன் பின் நம் நாட்டிலும் பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டது.

ஆயினும் சென்னை வாசிகளுக்கு இவையெல்லாம் வடக்கே எங்கோ நடந்த செய்திகளாகவே இருந்தன. 1984 ஆகஸ்டு 2-ந் தேதி இரவு அந்த மயக்கம் தெளிந்தது. இலங்கை விமானத்தில் ஏற்றுவதற்கென்று ஒப்படைக்கப்பட்ட பெட்டிகள் மீனம்பாக்கத்தில் கிடந்தன. அவற்றுக்கு உரியவர் விமானம் ஏறவில்லை. ஆளில்லாத பெட்டிகள் நிலையத்திலேயே வைக்கப்பட்டிருந்தபோது வெடித்தன. கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்தது. முப்பது பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். மாண்டவர்களில் பலர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 'சீதாதேவி' வந்து இறங்கிய அதே தளத்தில், வேறொரு தேசத்தின் துயரம் ஒரு பெட்டிக்குள் அடங்கி வந்து நம் வாசலில் வெடித்தது. யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையே இருந்த ஆகாயப் பாதையும் அந்தப் போர்க்காலத்தில் அற்றுப் போயிற்று. அது மறுபடி திறந்தது 2019 நவம்பரில்தான். தொற்று நோய்க் காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று.

மறு வருஷம் 1985 ஜூன் 23-ந் தேதி, அயர்லாந்துக் கடலோரத்தில் ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' நடுவானில் சிதறி 329 பேர் மடிந்தார்கள். அங்கும் காரணம் ஆளில்லாமல் ஏறிய ஒரு பெட்டி. 1987 ஏப்ரல் முதல் சிவில் விமானப் பாதுகாப்புக்கென்று தனி இலாகாவே அமைந்தது. 1990-களின் இறுதியில் நாம் முதன்முதலாக விமானம் ஏறியபோது, படிக்கட்டின் அருகே வெயிலில் வரிசையாக வைத்திருந்த பெட்டிகளில் நம்முடையதை விரலால் தொட்டுக் காட்டிய பிறகே ஏறவிட்டார்கள். உரியவர் இல்லாத பெட்டி போகக் கூடாது என்ற ஒரே விதிக்கு எத்தனை உயிர்கள் விலையாயின என்பது அப்போது நமக்குத் தெரியாது. ஏதோ விளையாட்டு என்று எண்ணிக்கொண்டோம்.

1999 டிசம்பர் 24-ந் தேதி காத்மாண்டுவிலிருந்து புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கந்தஹாருக்குக் கடத்தப்பட்டது. அதன் விளைவாக 2000-ஆம் ஆண்டு முதல், ஜயப்பூரில் தொடங்கி, மத்திய தொழிற் பாதுகாப்புப் படை நிலையங்களின் காவலை ஏற்றது. 2001 செப்டம்பர் 11 நிகழ்ச்சிக்குப் பின் கத்தரிக்கோலும் சவரக் கத்தியும் கைப்பையிலிருந்து வெளியேறின. அவ்வாண்டு டிசம்பரில் ஒருவன் பாதரட்சையில் வெடி வைத்துக்கொண்டு விமானம் ஏறியதால் பாதரட்சைகளும் சோதனைக்கு உள்ளாயின. 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிச் சதி ஒன்று வெளியானதும் தண்ணீர்ப் புட்டியும் குற்றவாளிக் கூண்டில் ஏறிற்று. இவ்வாறு ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு துர்ச்சம்பவம் இருக்கிறது. காரணமில்லாமல் யாரும் கதவை அடைக்கவில்லை.

வக்கீலின் கேள்வி

குற்றம் ருசுவாகும் வரை ஒருவன் நிரபராதி என்பது நாம் படித்த சட்டத்தின் அடிப்படை. விமான நிலையத்தின் வாயிலில் இந்தத் தத்துவம் தலைகீழாகிறது. அங்கே ஒவ்வொருவரும் சந்தேகத்துக்குரியவர். பையைத் திறந்து, கைகளை உயர்த்தி, தம் நிரபராதித்தனத்தைத் தாமே ருசுப்படுத்திக்கொள்ள வேண்டும். உயிருக்கு அபாயம் உள்ள இடத்தில் இதை ஒப்புக்கொள்ளலாம், நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் விதிவிலக்காக வந்த ஒன்று விதியாகவே நிலைத்துவிடும்போது, மூன்று கேள்விகளைக் கேட்டே தீர வேண்டும்.

முதலாவது, சோதனை எல்லோருக்கும் சமமாக இருக்கிறதா? நம் நிலையங்களில் சோதனையிலிருந்து விலக்குப் பெற்ற பதவிகளின் ஜாபிதாவைப் பலகையில் எழுதியே மாட்டியிருக்கிறார்கள். ராஷ்டிரபதிக்கும் பிரதம மந்திரிக்கும் விலக்கு இருப்பது நியாயம். ஆனால் அந்த ஜாபிதா அதோடு நிற்காமல் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. வரிசையில் நிற்கும் தொழிலாளியின் இடைவார் கழற்றப்படும்போது, பக்கத்து வழியாக ஒரு பதவி கைவீசிக்கொண்டு போவதை அவன் பார்க்கிறான். பாதுகாப்பு தேச நன்மைக்கு என்றால், அதன் கஷ்டத்தையும் தேசம் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பெரியவர்கள் தாமாகவே வரிசையில் நின்று காட்டினால், ஆயிரம் பலகைகள் செய்யாத உபகாரத்தை அந்த ஒரு காரியம் செய்யும்.

இரண்டாவது, ஒரு விதியின் காரணம் மாறிய பின்பும் விதி மாறாமல் இருக்கிறதா? நமக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. டோக்கியோவுக்கு அருகே நரிட்டா விமான நிலையம் 1978-ல் திறக்கப்பட்டபோது, நிலம் இழந்த குடியானவர்களும் அவர்களுக்குத் துணை நின்றவர்களும் கடும் எதிர்ப்பு நடத்தினர். ஆகவே அந்த நிலையத்தின் எல்லைக்குள் அடி வைக்கும் ஒவ்வொருவரும், வழியனுப்ப வந்தவர் உள்பட, அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. முப்பத்தாறு வருஷங்களுக்கு மேல் அந்த ஏற்பாடு நீடித்தது. 2015 மார்ச்சில் அதை எடுத்துவிட்டார்கள். காவலைக் கைவிட்டுவிடவில்லை, காமிராக்களும் வேறு நவீன சாதனங்களும் அந்த வேலையை ஏற்றுக்கொண்டன. விமானம் ஏறுவோருக்கான சோதனை முன்போலவே நடக்கிறது. ஆனால் வழியனுப்ப வருகிற தாய் இன்று அங்கே கூடம் வரை போகலாம். ஏற்றிய விதியை இறக்கவும் தெரிந்திருப்பதே நல்ல நிர்வாகத்துக்கு அடையாளம்.

மூன்றாவது கேள்வி, பாதுகாப்புக்கும் மரியாதைக்கும் உண்மையிலேயே பகை உண்டா? டோக்கியோவின் ஹானெடா நிலையத்தில் ஜனங்கள் கட்டணமின்றி மேல்தளத்தில் நின்று விமானங்களைப் பார்க்கிறார்கள். ஸ்விட்ஸர்லாந்தின் ஜூரிக் நிலையத்தில் கட்டணம் செலுத்தி மாடிக்குப் போகிறார்கள். இந்த இரண்டு தேசத்தாரும் பாதுகாப்பில் அசிரத்தையானவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நம் நாட்டிலோ 2022 டிசம்பர் முதல், முகத்தைக் காட்டினாலே கதவு திறக்கும் 'டிஜி யாத்ரா' ஏற்பாடு வந்திருக்கிறது. முகத்தைக் கண்டு கதவைத் திறக்க ஒரு யந்திரத்தைப் பழக்க முடிந்த நமக்கு, ஒரு தாயின் முகத்தைக் கண்டு வழிவிட ஒரு முறை வகுக்க முடியாதா?

செய்யக்கூடியவை

மரவேலியைத் திரும்பக் கொண்டுவா என்று நாம் கேட்கவில்லை. 1984-ல் மாண்டவர்களை நினைத்தால் அவ்வாறு கேட்க எவருக்கும் நா எழாது. நாம் கேட்பவை சிறிய காரியங்கள்.

வழியனுப்ப வருவோருக்கென்று, அடையாளச் சீட்டைப் பதிவு செய்து, பையைச் சோதித்து, ஒரு கூடத்துக்குள் அனுமதிக்கலாம். விமானம் ஏறும் பகுதிக்கும் அதற்கும் இடையே இன்றுள்ள காவல் அப்படியே இருக்கட்டும். அது முடியாத இடங்களில், வாசலுக்கு வெளியேயாவது நிழலும் ஆசனமும் குடிதண்ணீரும் வேண்டும். நம் ஜனங்கள் ஒருவரை வழியனுப்பப் பத்துப் பேர் வருவது வாஸ்தவம். அதைக் குறையாகக் கருதும் மனோபாவம் முதலில் மாற வேண்டும். பிரிவு நேரத்தில் சுற்றம் கூடுவது நம் பண்பாடு. வளைகுடாவுக்குப் போகிறவன் திரும்பி வர இரண்டு வருஷம் ஆகலாம். அதற்குள் வழியனுப்பிய தாய் இருப்பாரோ இல்லையோ. நிலையத்தைக் கட்டுகிறவர்கள் இதையும் கணக்கில் கொள்ளட்டும்.

அடுத்தபடி, பிள்ளைகளுக்கு ஒரு மாடி. பரந்தூரில் இன்னொரு பெரிய நிலையம் அமைக்கும் திட்டம் உருவாகியிருக்கிறது. அங்கே ஏரியையும் வயலையும் இழக்கப் போகும் கிராமத்தாரின் முறையீடு தனிக் கட்டுரைக்கு உரிய பெரிய விஷயம். நரிட்டாவின் சரித்திரத்தை நம் சர்க்கார் நன்றாகப் படித்துக்கொள்வது அந்த வகையிலும் நல்லது. எங்கே எந்த நிலையம் எழுந்தாலும், அதன் வரைபடத்தில் கடைகளுக்கு ஒதுக்கும் இடத்தில் நூற்றில் ஒரு பங்கையேனும் பார்வையாளர் மாடிக்கு ஒதுக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாத்தியாருடன் வந்து, காற்று விமானத்தை எப்படித் தூக்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்கட்டும். விமானத்தைத் தலைக்கு மேல் சத்தமாக மட்டும் அறிந்த குழந்தைக்கு அது பிறருடைய பொருள். கிட்ட நின்று பார்த்த குழந்தைக்கு அது தன்னுடையது.

கடைசியாக, காவலர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இரவு பகலாக நின்று, ஆயிரம் பேருடைய எரிச்சலைத் தாங்கிக்கொள்ளும் அவர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஒவ்வொரு நிலையத்திலும் அந்தப் பிரதேச பாஷையில் நாலு வார்த்தை பேச அவர்களுக்குக் கற்பித்தால், பாதிச் சண்டை நின்றுபோகும். "ரூல்" என்ற ஒரு சொல்லால் தடுப்பதற்குப் பதிலாக, "அம்மா, பொட்டலத்தை என்னிடம் கொடுங்கள், சோதித்துப் பார்த்து உங்கள் மகனிடம் சேர்க்கிறேன்" என்று சொல்ல அவருக்குப் பாஷையும் அதிகாரமும் இருந்திருந்தால், அன்று பாதுகாப்புக்கு என்ன பங்கம் வந்துவிடும்?

நம் பாட்டனாரின் தம்பி படித்துத் திரும்பினார். நாற்பது வருஷம் வைத்தியம் பார்த்தார். காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பிற்காலத்தில் பல தடவை விமானம் ஏறியும், முதல் பிரயாணத்தைப் பற்றிக் கேட்டால் அவர் லண்டனைப் பற்றிச் சொல்லமாட்டார். படிக்கட்டின் அடியில் தம் தாயார் இட்ட விபூதி பம்பாய் போய்ச் சேரும் வரை அழியாமல் இருந்தது என்றுதான் சொல்வார். அந்த விபூதிக்கு இடம் வைத்து ஒரு நிலையம் கட்டுவது நம் பொறியியல் வல்லுநர்களுக்கு முடியாத காரியம் அன்று. சம்பந்தப்பட்டவர்கள் மனம் வைப்பார்களாக.